பாசியை அடியோடு வழிக்காதீர்கள்!

குளம் என்றால் எப்படி இருக்க வேண்டும்?

கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பார்கள் பலர். அடியில் கிடக்கும் கல் கூடத் தெரிய வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். காவிரிப் பாசன ஊர். ஊருக்கு நடுவே ஒரு குளம். அந்தக் குளத்தில் முக்கால் பங்கைப் பச்சைப் பாசி மூடியிருந்தது. படித்துறைப் பக்கம் மட்டுமே தண்ணீர் தெரிந்தது.

ஊர் இளைஞர்கள் 20 பேர் சேர்ந்தார்கள். "இந்தப் பொங்கலுக்குக் குளத்தைச் சுத்தம் செய்தே தீருவோம்" என்றார்கள். பழைய கொசுவலை, கிழிந்த சேலை, மூங்கில் கழி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காலை 7 மணிக்குத் தண்ணீரில் இறங்கினார்கள். மாலை 4 மணிக்குள் வேலை முடிந்தது. குளத்தில் ஒரு பொட்டுப் பச்சை இல்லை! கரையில் இடுப்பு உயரத்துக்குப் பாசி குவிந்து கிடந்தது.

நான் கை தட்டினேன். படமும் எடுத்தேன்.

கரையில் ஓர் ஆத்தா நின்றுகொண்டிருந்தார். அந்தக் குளத்தை நம்பி வாத்து வளர்ப்பவர். அவர் முகம் மட்டும் வாடியிருந்தது.

"என்ன ஆத்தா, ஒரு மாதிரியா நிக்கிறீங்க? குளம் சுத்தமாயிடுச்சே!" என்றேன்.

"சுத்தமா? குளத்தைக் கழுவிட்டாங்க தம்பி. அது என்ன பானையா, கழுவிக் கவுத்து வைக்க?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வயதானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மருந்து கலந்தது யார்?

ஒரு மாதம் கழிந்தது. ஊரிலிருந்து செய்தி வந்தது.

குளத்துத் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போல் ஆகிவிட்டதாம். ஒரு நாள் விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினவாம். பொழுது விடிவதற்குள் நூற்றுக்கணக்கில் செத்து மிதந்தனவாம். மீன் குத்தகை எடுத்தவர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவர் அவர்.

"எவனோ மருந்து கலந்துவிட்டான்" என்றார்கள் சிலர். யார் மேல் சந்தேகம் என்று பேச்சு வளர்ந்தது. இரண்டு குடும்பங்களுக்குள் சண்டை மூளும் நிலை.

கல்லூரியில் எனக்கு விலங்கியல் நடத்திய பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தெருத் தண்ணீர் அந்தக் குளத்துக்குள் வருகிறதா?"

"வருகிறது ஐயா."

"அப்படியானால் யாரும் மருந்து கலந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் வழித்து எறிந்தீர்களே, அந்தப் பாசிதான் அந்தக் கழிவைத் தின்றுகொண்டிருந்தது" என்றார்.

விஷயம் இதுதான். தெருவிலிருந்து சோப்புத் தண்ணீர் வருகிறது. ஆட்டுப் புழுக்கை வருகிறது. சாணக் கரைசல் வருகிறது. இவற்றில் எல்லாம் செடிக்கு உரமாகும் சத்துகள் இருக்கின்றன. வயலுக்கு நாம் போடும் யூரியாவிலும் சூப்பர் பாஸ்பேட்டிலும் உள்ள அதே தழைச்சத்தும் மணிச்சத்தும்தான். மேலே மிதந்த பாசி அதை உறிஞ்சி வளர்ந்தது. பாசியை வழித்துவிட்டோம். ஆனால் தெருத் தண்ணீர் நிற்கவில்லை. வெயிலும் தடையில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடி கோடியாகப் பெருகின. தண்ணீர் பச்சையானது அதனால்தான்.

பகலில் இந்த நுண்பாசிகள் பிராணவாயுவைக் கொடுக்கும். இரவில் வெளிச்சம் இல்லை. அப்போது அவையும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். அளவுக்கு மீறிப் பெருகிவிட்டால், விடியற்காலையில் மீனுக்கு மூச்சுவிடப் பிராணவாயு மிஞ்சாது. மீன் சாகாமல் என்ன செய்யும்?

மருந்து கலந்தவர் யாரும் இல்லை. கை தட்டிய நானும் குற்றவாளிதான்!

பாசி அல்ல, பூக்கும் செடி

இந்தப் பச்சைப் பொருளை நாம் பாசி என்று சொல்கிறோம். உண்மையில் இது பாசி அல்ல. பூக்கும் செடி! உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். ஒவ்வொன்றும் எள்ளளவோ உளுந்தளவோ இருக்கும் ஒரு சின்ன இலை. அதன் அடியில் நூல் போல வேர் தொங்கும். வாத்துக்குப் பிடித்த களை என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் இங்கே வாத்துப்பாசி என்று வைத்துக்கொள்வோம்.

இதன் சொந்தக்காரர்கள் யார் தெரியுமா? நம் சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும்தான்! மூன்றும் ஒரே குடும்பம் என்று தாவர விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கருணைக்கிழங்கு நாக்கில் அரிக்கிறதல்லவா? அந்த அரிப்பைக் கொடுக்கும் ஊசிப் படிகங்கள் வாத்துப்பாசியில் சில வகைகளிலும் உண்டு. குடும்பக் குணம் போகுமா?

உலகம் முழுவதும் சுமார் 36 வகை வாத்துப்பாசிகள் இருக்கின்றன. அவற்றில் சில வகைகளுக்கு வேரே கிடையாது. ரவைத் துகள் அளவுதான் இருக்கும். உலகத்திலேயே மிகச் சிறிய பூக்கும் செடி அதுதான். ஒரு மில்லி மீட்டர் நீளம் கூட இல்லை!

இது பூப்பது அபூர்வம். விதைக்காகக் காத்திருப்பதில்லை. தாய் இலையின் பக்கத்திலிருந்து மகள் இலை முளைக்கும். மகள் பிரிந்து போய்த் தானும் தாயாகிவிடும். சத்துள்ள தண்ணீரும் நல்ல வெயிலும் கிடைத்தால் இரண்டே நாளில் இரண்டு மடங்காகிவிடும். இன்று ஒரு கைப்பிடி என்றால் 20 நாளில் 1,024 கைப்பிடி! இடமும் சத்தும் தீர்ந்துபோவதால்தான் அது ஊரையே மூடாமல் இருக்கிறது.

நம் முன்னோர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. சங்கப் புலவர் பரணர், தண்ணீர்த் துறையில் பாசி விலகுவதையும் மறுபடி கூடுவதையும் குறுந்தொகைப் பாட்டு ஒன்றில் காதலியின் பசலைக்கே உவமையாக்கியிருக்கிறார். குடத்தை அமிழ்த்தித் தண்ணீர் மொண்ட எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த காட்சி அது.

ஒரு குளத்துக்கு வந்த இந்தச் செடி அடுத்த குளத்துக்கு எப்படிப் போகிறது? பறவைதான் வண்டி! பாசி மூடிய குளத்திலிருந்து வாத்து எழும்போது அதன் முதுகில் இந்தச் செடி ஒட்டிக்கொண்டிருந்ததை இரண்டு முறை பார்த்ததாக டார்வின் 1859-ல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். நம் ஊர் வாத்தும் கொக்கும் இன்றும் அதே வேலையைச் செய்கின்றன. காசு வாங்காமல்!

பந்திக்கு எத்தனை பேர்!

இந்தப் பாசியை யார் யார் சாப்பிடுகிறார்கள்?

முதலில் வாத்து. பிறகு நாமக்கோழி, தாழைக்கோழி போன்ற நீர்ப்பறவைகள். தண்ணீருக்குள் நத்தை. புல் கெண்டைக்கு இது நெய்ச்சோறு மாதிரி. ஜிலேபி கெண்டையும் விரும்பித் தின்னும். தவளைக் குஞ்சாகிய தலைப்பிரட்டை, பாசியின் வேரிலும் இலையின் அடியிலும் படிந்திருக்கும் வழவழப்பை மேய்ந்து வளரும்.

புல் கெண்டை நம் நாட்டு மீன் அல்ல. 1959-ல் ஹாங்காங்கிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். குளத்துக் களையைத் தின்று கறியாக மாற்றும் என்பதற்காகவே கட்லா, ரோகு மீன்களோடு சேர்த்து விடுகிறார்கள்.

வாத்துப்பாசியில் அப்படி என்ன சத்து? புரதச் சத்து! நன்றாக வளர்ந்த பாசியைக் காயவைத்தால் நூற்றுக்கு 20 முதல் 35 பங்கு வரை புரதம் இருக்கிறது. சத்தில்லாத தண்ணீரில் வளர்ந்தால் குறையும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பாசியில் பெரும்பங்கு தண்ணீர்தான். 10 கிலோ பச்சைப் பாசி காய்ந்தால் சுமார் 600 கிராம்தான் மிஞ்சும். அதில் நல்ல பாசியாக இருந்தால் 180 கிராம் புரதம் இருக்கும். ஆகவே பாசியை மட்டும் போட்டுக் கோழியையோ வாத்தையோ வளர்த்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். தவிடு, நொய் இவற்றோடு சேர்த்துப் போட வேண்டும்.

வியட்நாம் நாட்டில் மேகாங் ஆற்றுப் படுகையில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1990-களில் நடந்த சோதனை அது. வாத்துக்கு நொய்யும் சோயா மொச்சையும் கொடுப்பது வழக்கம். சோயாவுக்குப் பதிலாகப் பச்சை வாத்துப்பாசியைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாத்துகள் நன்றாகவே வளர்ந்தன. சோயா விலை கொடுத்து வாங்குவது. பாசி குளத்தில் கிடைப்பது. ஏழைக் குடியானவனுக்கு இது சின்ன விஷயமா?

தாய்லாந்தில் மனிதர்களே சாப்பிடுகிறார்கள்! வேர் இல்லாத ரவை போன்ற வகைக்கு அங்கே நீர்முட்டை என்று பொருள்படும் பெயர். கறியில் போட்டுச் சமைக்கிறார்கள். மலிவான புரதத்துக்கு இது நல்ல வழி என்று 1971-ல் 'நேச்சர்' என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் கட்டுரை வந்தது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? மாட்டுத் தீவனத்துக்காகப் பலர் தார்ப்பாய் விரித்துத் தொட்டி கட்டி அசோலா வளர்க்கிறார்கள். அசோலா வேறு செடி, பெரணி இனம். ஆனாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பக்கம் காசு செலவழித்து மிதக்கும் தீவனம் வளர்க்கிறோம். இன்னொரு பக்கம் தானாக வளர்ந்ததை வழித்துக் கரையில் அழுகவிடுகிறோம். இது என்ன நியாயம்?

குஞ்சுகளுக்குக் கூரை

சாப்பாடு மட்டுமா? பாசி ஒரு கூரையும் கூட.

நாம் வெயிலுக்குப் பந்தல் போடுகிறோம். குளத்துப் பிராணிகளுக்கு இந்தப் பாசிதான் பந்தல். பாசிக்கு அடியில் வெயில் கடுமை குறைகிறது. மேலே இருந்து பார்க்கும் மீன்கொத்திக்கும் மடையானுக்கும் உள்ளே இருக்கும் குஞ்சு மீன் எளிதில் தெரியாது.

விராலைப் பாருங்கள். செடி படர்ந்த ஓரத்தில்தான் முட்டையிடும். குஞ்சுகள் பொரிந்ததும் செந்நிறக் கூட்டமாகத் திரியும். தாயும் தகப்பனும் அடியில் காவல் இருக்கும். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு மறைவிடம் வேண்டாமா?

தட்டான் பூச்சியை எல்லாக் குழந்தைகளும் பிடித்து விளையாடியிருப்பார்கள். அது பறக்கத் தொடங்குவதற்கு முன்னால் எங்கே இருந்தது? தண்ணீருக்குள்! பறக்காத அந்தப் பருவத்தில் செடிகளுக்கு இடையே ஒளிந்திருந்து கொசுப்புழுவைப் பிடித்துத் தின்னும். தவளையும் தலையை மட்டும் நீட்டிப் பாசிக்குள் காத்திருக்கும். ஈ வந்தால் ஒரே தாவல்!

அன்று கரையில் குவித்த பாசிக்குள் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மறுநாள் காகமும் மைனாவும் அங்கே கூட்டம் போட்டன. ஏதோ விருந்து என்று நினைத்தேன். தலைப்பிரட்டைகளும் நத்தைகளும் தட்டான் புழுக்களும் அந்தக் குவியலில் துடித்துச் செத்தன என்பது பிறகுதான் புரிந்தது. அந்த ஆண்டு கோடை மழைக்கு எங்கள் குளத்தில் தவளைச் சத்தம் குறைவாக இருந்ததாம். ஆத்தாதான் சொன்னார்.

சாக்கடை மீனான கதை

பாசி கழிவைத் தின்னும் என்றேனே, அதை வைத்து ஓர் ஊரில் பெரிய காரியமே செய்திருக்கிறார்கள்.

வங்க தேசத்தில் டாக்காவுக்கு வடமேற்கே மிர்சாபூர் என்று ஓர் ஊர். அங்கே குமுதினி ஆஸ்பத்திரி என்ற பெரிய தர்ம ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த வளாகத்தின் கழிவுநீரை 1990-ஐ ஒட்டி ஒரு நீண்ட வாய்க்கால் போன்ற குளத்தில் விட்டார்கள். அதில் வாத்துப்பாசி வளர்த்தார்கள். காற்றில் பாசி ஒரு பக்கம் ஒதுங்கிவிடாமல் இருக்க மூங்கில் கழிகளைக் கட்டம் கட்டமாக மிதக்கவிட்டார்கள். தினமும் கொஞ்சம் பாசியை அள்ளிப் பக்கத்துக் குளத்துக் கெண்டை மீன்களுக்குப் போட்டார்கள். கழிவுநீர் தெளிந்தது. மீனும் கொழுத்தது! உலக வங்கி 1993-ல் இந்த முறையைப் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டது.

இதில் ரகசியம் எது? தினமும் கொஞ்சம் அள்ளியதுதான். அடியோடு வழிக்கவும் இல்லை. அப்படியே விட்டுவிடவும் இல்லை.

அளவுக்கு மிஞ்சினால்?

"அப்படியானால் பாசியைத் தொடவே கூடாதா?" என்று கேட்பீர்கள்.

அப்படிச் சொல்ல நான் வரவில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. பாசியும் அப்படித்தான்.

கரைக்குக் கரை பாசி மூடிவிட்டால் வெளிச்சம் உள்ளே போகாது. அடியில் உள்ள செடிகள் செத்துவிடும். காற்றும் தண்ணீரில் கலக்காது. பிராணவாயு குறையும். விரால், பனையேறிக் கெண்டை போன்றவை மேலே வந்து காற்றை நேராகவே குடிக்கும். அவை பிழைத்துக்கொள்ளும். கட்லாவும் ரோகுவும் என்ன செய்யும்? எங்கள் குளத்தில் முக்கால் பங்கு மூடியிருந்தது அதிகம்தான். இளைஞர்கள் இறங்கியதில் தவறே இல்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் தவறு.

குழந்தைகளுக்கு ஒரு கணக்கு. பாசி இரண்டு நாளைக்கு ஒரு முறை இரண்டு மடங்காகிறது. 30-வது நாள் குளம் முழுவதும் மூடிவிட்டது. பாதிக் குளம் மூடியது எந்த நாள்?

15-வது நாள் என்று சொல்லாதீர்கள். 28-வது நாள்! பாதி மூடியிருக்கும்போது "இன்னும் பாதி இருக்கிறதே" என்று தூங்கினால் இரண்டே நாளில் கதை முடிந்தது. அதனால்தான் பாதி மூடும்போதே அள்ள வேண்டும்.

கொசு வராதா?

எங்கள் ஊர் இளைஞர்கள் சொன்ன காரணம் வேறு. "பாசி இருந்தா டெங்கு வரும்னு சொன்னாங்க அண்ணே" என்றார்கள்.

டெங்குக் கொசு குளத்தில் வளர்வது அல்ல. நம் வீட்டில்தான் வளர்கிறது! மூடாத தண்ணீர்த் தொட்டி, பழைய டயர், தேங்காய்த் தொட்டி, பூந்தொட்டித் தட்டு, இவைதான் அதற்குத் தொட்டில். குளத்தைக் கழுவிவிட்டுக் கொல்லையில் டயரைப் போட்டு வைத்தால் டெங்கு போகுமா?

வேறு கொசுக்கள் குளத்தில் வளர்வது உண்மை. ஆனால் பாசி நெருக்கமாக மூடிய இடத்தில் பல கொசுக்கள் முட்டையிடத் தயங்குகின்றன. புழுவும் மேலே வந்து மூச்சுவிடத் திணறுகிறது. இடைவெளி உள்ள இடத்தில் மீனும் தட்டான் புழுவும் காவல் இருக்க வேண்டும். மீன் இல்லாத குளம்தான் கொசுவுக்குக் கொண்டாட்டம்.

மிதக்கும் செடிகள் எல்லாமே நல்லவை என்றும் சொல்ல மாட்டேன். ஆகாயத் தாமரையின் வேரில் ஒரு வகைக் கொசுவின் புழு ஒட்டிக்கொண்டு, அந்த வேரிலிருந்தே மூச்சுவிடும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் அதுவும் ஒன்று. கேரளத்தில் சேர்த்தலைப் பகுதியில் அந்த நோய் பல காலம் வாட்டியது. 1980-களில் புதுச்சேரியில் உள்ள கொசு ஆராய்ச்சி நிலையத்தார் அங்கே போனார்கள். குளங்களில் அந்தச் செடியை எடுத்துவிட்டு மீன் வளர்க்கும்படி மக்களை ஊக்கப்படுத்தினார்கள். மீன் விற்ற காசு கைக்கு வந்ததால் மக்களே குளத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அதேபோல ஊதா நிறப் பூப்பூக்கும் வெங்காயத் தாமரையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்த படுபாவி. அதை ஒழிக்க வங்காளத்தில் 1936-ல் சட்டமே போட்டார்கள். அதை வேரோடு எடுக்கத்தான் வேண்டும்.

வாத்துப்பாசியை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். பெயர் தெரியாமல் தண்டிப்பது நீதி அல்ல.

எந்தப் பாசி ஆகாது?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும் குணம் பாசிக்கு உண்டு. நல்லதையும் உறிஞ்சும், கெட்டதையும் உறிஞ்சும். சாயப்பட்டறைக் கழிவும் தோல் பதனிடும் ஆலைக் கழிவும் வரும் தண்ணீரில் வளர்ந்த பாசியில் காட்மியம், குரோமியம் போன்ற நச்சு உலோகங்கள் சேரும். அதை வாத்துக்கும் மீனுக்கும் போட்டால் கடைசியில் நம் தட்டுக்குத்தான் வரும். அப்படிப்பட்ட இடத்துப் பாசியைத் தீவனமாக்கவே கூடாது.

சர்க்காருக்கும் ஊருக்கும் ஒரு வார்த்தை

குளங்களைச் சீர்செய்ய இப்போது பணம் வருகிறது. 2022-ல் மத்திய சர்க்கார் 'அம்ருத் சரோவர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்துக்கு 75 குளங்கள் என்று கணக்கு. நல்ல காரியம். வரவேற்க வேண்டியது. ஆனால் எந்தத் திட்டமானாலும், சீர்செய்வது என்றால் நாலு பக்கமும் கல் பதித்து, ஒரு புல் பூண்டு இல்லாமல் செய்வது என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. குளிக்கும் தொட்டிக்கும் குளத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது.

என் கருத்து இதுதான். ஒவ்வோர் ஊரிலும் குளத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பாசிக்கும் மற்றச் செடிகளுக்கும் விட்டுவிடுங்கள். மூங்கில் கழிகளை மிதக்கவிட்டால் பாசி அந்த மூலையிலேயே நிற்கும். படித்துறையும் நடுக்குளமும் திறந்திருக்கட்டும். பாதிக்கு மேல் பரவினால் வாரம் ஒரு முறை அள்ளுங்கள். அள்ளியதை உடனே தூரக் கொண்டுபோகாமல் ஓர் இரவு தண்ணீர் ஓரத்திலேயே வையுங்கள். உள்ளே இருக்கும் தலைப்பிரட்டையும் நத்தையும் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பட்டும். பிறகு வாத்துக்குப் போடுங்கள். மீனுக்குப் போடுங்கள். மிஞ்சியது எருக்குழிக்குப் போகட்டும். களைக்கொல்லி மருந்து மட்டும் வேண்டவே வேண்டாம். பாசி ஒரேயடியாகச் செத்து அழுகினால் அதுவே மீனுக்கு எமன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தெருச் சாக்கடையைக் குளத்துக்குத் திருப்பாதீர்கள். பாசி அதிகம் என்றால் அழுக்கு அதிகம் என்று அர்த்தம். காய்ச்சல் வந்தவனின் தெர்மாமீட்டரை உடைத்தால் காய்ச்சல் போகுமா?

குளத்து மீன் உரிமையை நம் ஊரில் ஏலம் விடும்போது என்ன சொல்கிறார்கள்? 'மீன்பாசி ஏலம்' என்கிறார்கள். மீன் வேறு, பாசி வேறு என்று அந்தப் பெயரே பிரிக்கவில்லை. நாம் ஏன் பிரிக்க வேண்டும்?

ஆத்தாவிடம் சொன்னது

இந்த ஆண்டு பொங்கலுக்கு மறுபடி ஊருக்குப் போனேன். பேராசிரியர் சொன்னதை ஊர்க் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். மருந்து கலந்தது யார் என்ற பேச்சு அடங்கியது. முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்களும் பேசிக்கொண்டன. அதே இளைஞர்கள் தென்மேற்கு மூலையில் மூங்கில் கட்டி மிதக்கவிட்டார்கள். எங்கிருந்தோ வந்த பாசி அங்கே மறுபடி துளிர்த்திருந்தது.

குத்தகைக்காரர் இழந்த பணம் திரும்பவில்லை. அந்தக் கடனை அவர் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார். அதை நினைத்தால் நான் எடுத்த அந்தப் படத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆத்தா கரையில் உட்கார்ந்திருந்தார். தீனி வாங்கிக் கட்டுப்படியாகாமல் பாதி வாத்தை விற்றுவிட்டாராம். மீதி வாத்துகள் அந்த மூலையில் மேய்ந்துகொண்டிருந்தன.

"நீங்க சொன்னது சரிதான் ஆத்தா" என்றேன்.

"என்ன சொன்னேன் தம்பி?" என்றார்.

"குளம் பானை இல்லைன்னு சொன்னீங்களே."

"ஓ, அதுவா? பானைன்னாலும் அடியில கொஞ்சம் சோறு விட்டு வைப்போமில்ல, ராத்திரிக்குப் பசிச்சு வர்றவங்களுக்கு?" என்றார்.

அடுத்த முறை குளத்தில் இறங்கும் ஊர் இளைஞர்களே, அந்தக் கொஞ்சம் சோற்றை விட்டு வையுங்கள்.